2,850 ரேண்ட் தண்ணீரில் போச்சு: "பாப்பிங் கார்க் செட்" வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பாப்பிங் கார்க் என்றால் சுண்டினால் தண்ணீரில் சத்தம் போட்டு மீனைக் கூப்பிடும் மிதவை, இரை அதன் கீழே தொங்கும். ராடு (தூண்டில் கோல்) 1,490. பிரெய்டு (பின்னிய தூண்டில் நூல்) 300 மீட்டர் 760. கார்க் ஆறு 480. கூரியர் 120. மொத்தம் 2,850 ரேண்ட். வியாழக்கிழமை பெட்டி வந்தது, ஞாயிற்றுக்கிழமை ராடும் பிரெய்டும் குப்பை என்று தெரிந்துவிட்டது. கடையின் பெயரைப் போடப் போவதில்லை. நாலு போட்டோவும் ஒரு வாட்ஸ்அப் நம்பரும் மட்டும் வைத்து இங்கே தென்னாப்பிரிக்காவில் ஆன்லைனில் நடக்கிற தூண்டில் சாமான் கடை, அவ்வளவுதான்.

நம்ப வைத்தது ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ். "வணக்கம்ண்ணா, டர்பன் துறைமுகத்துக்குள்ள ஆழமில்லாத இடத்துல போடப் போறீங்களா, ரிச்சர்ட்ஸ் பே பக்கமா? ஏழடி ராடு போதும், கீழ லீடர் ரெண்டடி வைங்க." (லீடர் என்றால் கார்க்குக்கும் முள்ளுக்கும் நடுவில் கட்டும் துண்டு நூல்.) தமிழில் பேசியதைக்கூட விடுங்கள், கேட்ட கேள்வி சரியான கேள்வி. விஷயம் தெரியாதவன் ஆழத்தைக் கேட்கமாட்டான். பத்தாவது நிமிஷம் பணத்தை இ.எஃப்.டி.யில், அதாவது நேராக வங்கிக் கணக்குக்கு, போட்டாச்சு.

பாப்பிங் கார்க் அமெரிக்காவில் லூசியானா, டெக்சஸ் கரையோரத்து வழக்கம். அங்கே பிடிக்கிற ஸ்பெக்கிள்டு ட்ரவுட்டும் ரெட்ஃபிஷும் கத்தாழை மீன் குடும்பம். நம் ஊர்க் கடலில் பிடிக்கிற காப் மீனும் அதே குடும்பம்தான். ஆனால் கரையிலிருந்து வீசுகிற பதின்மூன்று அடி ராடும் ஸ்கார்பரோ ரீலும் (பெரிய சக்கர ரீல்) பழகிய கைக்கு இது வேறு வேலை. கார்க்கின் குழிந்த முகம் தண்ணீரை "களுக்" என்று விழுங்க வேண்டும். அதற்கு ராடின் நுனியில் சின்ன, வெடுக்கென்ற சுண்டு. பிறகு பத்து, இருபது வினாடி சும்மா விடணும். அந்தச் சுண்டு கார்க்கைப் போய்ச் சேர வேண்டுமானால் லைன் தண்ணீர் மேலே கிடக்கணும். பாலிஎத்திலீன் பிரெய்டு தண்ணீரைவிட லேசு, மிதக்கும், இழுபடாது. நைலான் நரம்பு மெதுவாக அமிழும், ரப்பர் மாதிரி இழுபடும். ஃப்ளோரோகார்பன் அதைவிடக் கனம், கார்க்குக்குக் கீழே லீடராக மட்டும்தான் ஆகும். லைன் தொய்ந்து அமிழ்ந்துவிட்டால் சுண்டியது முழுக்க அந்தத் தொய்விலேயே போய்விடும். கார்க் சத்தமே போடாமல் நகரும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதேதான். வீட்டுக்கு வந்து பிரெய்டில் ஒரு அங்குலத் துண்டை வெட்டி, ஈர விரலால் பிசைந்து காற்றுக் குமிழை எடுத்துவிட்டு, ஒரு கிளாஸ் உப்புத் தண்ணீரில் போட்டேன். நேராக அடிக்குப் போய் உட்கார்ந்தது. எட்டு இழை பிரெய்டு என்று எழுதியிருக்கிறது. பிரித்தால் நாலு இழை. 30 பவுண்டு என்று எழுதியிருக்கிறது, அதாவது பதின்மூன்றரை கிலோ. துடைப்பக் கட்டையில் சுற்றி, முடிச்சே போடாமல், பெட்டி நிறுக்கும் தராசில் இழுத்தேன். மூன்று தடவையும் ஆறு கிலோவுக்குள் அறுந்தது.

ராடு? "கார்பன்" என்று ஸ்டிக்கர். அடிமுனையில் கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே வெள்ளைக் கண்ணாடி நார். நடுவிலிருந்தே வளைகிறது, நுனிக்கு வேகம் எங்கிருந்து வரும்? நுனி வளையத்துக்குள் காது குடையும் பஞ்சுக் குச்சியைச் சுற்றினேன், பஞ்சு மாட்டிக்கொண்டது. உள்ளே பீங்கான் வளையம் விரிசல். எந்த பிரெய்டு போட்டாலும் அது அறுத்துவிடும். கார்க் மட்டும் பரவாயில்லை, கம்பியில் கோத்த மணி நன்றாகவே சத்தம் போடுகிறது.

கடைக்காரர் பதில்களைக் கேளுங்கள். முதலில் "முடிச்சு சரியா போட்டிருக்க மாட்டீங்க." முடிச்சே இல்லாத வீடியோவை அனுப்பினேன். "ஸ்பூல்ல (ரீலில் நூல் சுற்றும் உருளை) ஏத்திட்டா திரும்ப எடுக்கமாட்டோம்ண்ணா." சரி, ராடையாவது எடுத்துக்கொள் என்றேன். "மேனேஜர் லீவு." ஆன்லைனில் வாங்கிய பொருளைக் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், 2002 மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் 44ஆம் பிரிவு என்று எழுதினேன். இரண்டு நீல டிக், அதோடு சரி. திருப்பி அனுப்ப முகவரி வேண்டுமே! கூரியர் உறையில் வெறும் போன் நம்பர். 2,850 ரேண்ட்!

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. ஏழிலிருந்து ஏழரை அடி, நுனி மட்டும் வளையும் ராடு. கார்க், ஜிக் (ஈயத் தலை வைத்த முள்), இறால் மூன்றையும் சேர்த்து நிறுத்துப் பாருங்கள், ராடில் எழுதிய மேல் எடை அதற்கு மேல் இருக்கணும். 20, 30 பவுண்டு பிரெய்டு, 3000 அல்லது 4000 அளவு ரீல். பிரெய்டை நேராகக் கார்க்கில் கட்டாதீர்கள், கார்க்கின் கம்பியில் சுற்றிக்கொள்ளும். நடுவில் இரண்டடி கெட்டி நைலான். ஸ்பூலில் ஏற்றுவதற்கு முன்னால் கிளாஸ் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பாருங்கள். முகவரி இல்லாத கடைக்கு இ.எஃப்.டி. போடவே போடாதீர்கள், கார்டு என்றால் வங்கியிடம் சண்டையாவது போடலாம். என் வங்கிக்கும் போன் போட்டுப் பார்க்கிறேன், இருபது நிமிஷமாக அதே பாட்டுதான் ஓடுகிறது.