டயல்-அப் காலத்தில் பழகிய தமிழ்99: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

விண்டோஸ் 98 போட்ட அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த காலத்தில், இன்டர்நெட்டைவிடத் தமிழ்தான் பெரிய தலைவலி. 56கே மோடம் கத்தித் தீர்த்து லைன் கிடைத்தால், ஒரு எம்பி இறங்க மூன்று நான்கு நிமிடம் ஆகும். நடுவில் யாராவது போன் ரிசீவரைத் தூக்கினால் போச்சு. அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால், தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கொம்பும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் நிற்கும். பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு. அது போதாதென்று டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கம், அதாவது கம்ப்யூட்டரில் எழுத்துக்கு எண் கொடுக்கும் முறை.

இந்தக் கூத்துக்கு நடுவே, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டிலிருந்து வந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. அன்று முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழகியதை இன்றுவரை விடவில்லை.

உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. அடிக்கடி வரும் க, ப, ம, த, ந, ய எல்லாம் நடு வரிசையிலேயே கிடக்கும். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என நாலே தட்டு. புள்ளி தானாக விழும். ங-வை அடுத்து க, ந-வை அடுத்து த வந்தாலும் அப்படித்தான். இந்தச் சுகம் கண்ட கை ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்க ஒப்பாது.

குறையும் உண்டு. 'மமதை' அடிக்கப் போனால் 'ம்மதை' வரும். முதல் ம-வுக்குப் பிறகு அ-வையும் தட்ட வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். ஜ, ஷ, ஸ, ஹ வேண்டுமென்றால் ஷிஃப்ட்.

அப்புறம் எல்லா மொழிக்கும் பொதுவான குறியாக்கமாக யூனிகோடு வந்தது. டிஸ்கியில் எழுதி வைத்திருந்த பழைய கடிதங்களை எல்லாம் கன்வெர்ட்டரில் போட்டு மாற்ற வேண்டியிருந்தது. விரல்களுக்கு மட்டும் புதிதாகப் பழகும் வேலை இல்லை. முரசு அஞ்சல் போய் இ-கலப்பை, பிறகு என்எச்எம் ரைட்டர், இப்போது விண்டோஸிலேயே இருக்கும் தமிழ்99 என்று மென்பொருள்தான் மாறியது. க இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கம்ப்யூட்டரில் நிறைய எழுதுகிறவர் என்றால் தாராளமாகப் பழகலாம். போனில் எனக்குச் சரிப்படவில்லை: கட்டங்கள் நெருக்கம், கட்டைவிரலுக்கு இரு கைப் பிரிவினையால் லாபமும் இல்லை. அங்கே பேசியே எழுதிக்கொள்கிறேன்.