திரிபோஷாவும் போஷாக்குக் கொடுப்பனவும்: இரண்டு பிள்ளைப்பேறுகளின் அனுபவம்

இலங்கையின் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் வசிக்கும் நான், மூத்தவளை வயிற்றில் சுமந்த காலத்திலிருந்து இளையவன் நடந்து திரியும் இன்றுவரை, தாய் சேய் நலனுக்காக அரசாங்கம் வழங்கும் போஷாக்கு உதவிகளைப் பெற்று வருகிறேன். இவற்றைப் பற்றிக் கதைப்பவர்கள் பெரும்பாலும் சுவையையும் தட்டுப்பாட்டையும்தான் குறை சொல்வார்கள். எனக்குப் பட்ட பெரிய சிக்கல் வேறு: ஒருவருக்கென்று அளந்து கொடுக்கப்படும் உணவு, வீட்டுப் படியேறியதும் எல்லோருக்குமான உணவாகிவிடுகிறது.

1973ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட திரிபோஷா, சோளத்தையும் சோயாவையும் பதப்படுத்தி, விற்றமின்களும் கனியுப்புகளும் சேர்த்துத் தயாரிக்கப்படும் மா. கர்ப்பிணிக்கும், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பாலூட்டும் தாய்க்கும், மாதம் 750 கிராம் பைக்கற்றுகள் இரண்டு கொடுக்கிறார்கள். நாளொன்றுக்கு 50 கிராம் என்று கணக்கிட்டால் அது சரியாக முப்பது நாளுக்குப் போதும். வேறொருவர் கை வைத்தால் போதாது. எங்கள் வீட்டில் நான், கணவர், மாமி, பாடசாலை செல்லும் கணவரின் தம்பி என்று நால்வர். மாமி தேங்காய்ப்பூவையும் சீனியையும் போட்டு, கொதிநீரை அளவாகத் தெளித்து, மா கையில் ஒட்டாத பதத்தில் உருட்டி வைப்பார். சோயாவின் பச்சை வாசம் தேங்காய்ப்பூவில் அடங்கிவிடும் என்பதால், அந்த உருண்டையை வேண்டாமென்று சொல்பவர் எவருமில்லை. பாடசாலை விட்டுப் பசியோடு வரும் பிள்ளையின் முன்னால் தட்டை மூடி வைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? இரண்டு பைக்கற்றும் மாத நடுவிலேயே முடிந்துவிடும்.

இதை முதலில் கண்டுகொண்டவர் வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ்தான் (அரசாங்க மருத்துவிச்சி). "திரிபோஷா சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டிருந்தால் ஆமென்று சொல்லி முடித்திருப்பேன். அவர் கேட்டது, "வீட்டில் வேறு யார் யார் சாப்பிடுகிறார்கள்?" என்பதை. பிறகு மாமியையே அழைத்து, மருமகளின் பங்கைத் தனி டின்னில் போட்டு வைத்து, மற்றவர்கள் வெளியே போன பின் காலை பத்து மணியளவில் கொடுக்கும்படி சிங்களமும் தமிழும் கலந்து சொல்லிவிட்டுப் போனார். பொறுப்பு தன்னிடம் வந்ததும் மாமி அந்த டின்னை வேறு யாரையும் தொட விடவில்லை. பிரசவத்துக்குப் பிறகு பத்தியம், வாய்வு என்று அதே மாவை அவரே தள்ளி வைத்தார் என்பது வேறு கதை.

2022இல், சோளத்தில் அஃப்ளாடொக்சின் என்னும் பூஞ்சண நச்சு இருந்தமையால், ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கான உற்பத்தி தடைப்பட்டது நாடறிந்த விடயம். எங்கள் கிளினிக்கிலும் வெறுங்கையோடு திரும்பிய மாதங்கள் உண்டு. இருக்கிறதா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்கும் ஏற்பாடாவது இருந்திருந்தால், வயிற்றுப் பிள்ளையோடு வெயிலில் நடக்க வேண்டியிருந்திராது.

கர்ப்பிணிகளுக்கான போஷாக்குக் கொடுப்பனவு ஆரம்பத்தில் மாதம் 2,000 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்குக் கிடைத்தது. பின்னர் அது 4,500 ரூபாயாக உயர்ந்தது. தொகை இரட்டிப்புக்கு மேல் கூடியது போலத் தோன்றினாலும், இடையில் முட்டையும் பருப்பும் நெத்தலியும் ஏறிய விலையை நினைத்தால் மகிழ்ச்சி பாதியாகிவிடும். ஆனாலும் திரிபோஷாவை விட இதையே நான் மேலாக மதிக்கிறேன். பயறும் கௌபியும் வாங்கிக் குடும்பமே சாப்பிட்டாலும், என் பங்கு குறையாதபடி அதிகமாகச் சமைக்க இதில் இடமிருக்கிறது.

இவற்றோடு இலவசமாகக் கிடைக்கும் இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளைப் பலர் அலுமாரியில் சேர்த்து வைப்பதைக் கண்டிருக்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்காமலும், இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு எடுக்காமலும் இருந்தால்தான் பயன் முழுமையாகக் கிடைக்கும்.

குழந்தைகளுக்கான திரிபோஷா விடயத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, நிறை குறைந்த பிள்ளைகளுக்கே அது வழங்கப்படுகிறது. வளர்ச்சி அட்டையில் இளையவனின் நிறைக்கோடு, சரியான நிறையைக் காட்டும் பச்சைப் பகுதியை விட்டுக் கீழே இறங்கியபோது பைக்கற்றுகள் வந்தன. கோடு மேலேறிப் பச்சைக்குள் போனதும் நின்றன. உள்ளதைத் தேவையானவருக்குக் கொடுக்கும் நியாயம் புரிகிறது. ஆனால் அன்றாடக் கூலியில் ஓடும் எங்கள் ஒழுங்கை வீடுகளில், பிள்ளையின் நிறை கூடியதைக் கேட்டு முகம் வாடிய தாயை நான் பார்த்திருக்கிறேன். நிறை தேறிய பிள்ளைக்கு இன்னும் இரண்டு மூன்று மாதங்களாவது தொடர்ந்து கொடுத்து, பிறகு படிப்படியாக நிறுத்துவதே முறையென்று எனக்குப் படுகிறது.