திருவிருந்து மேசைக்குக் கம்பம் பன்னீர் திராட்சை: மலைச் சபைகளுக்கான மதிப்புரை

வண்டிப்பெரியாறு, பீர்மேடு, மூணாறு பக்கத்து எஸ்டேட் சபைகளில், அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் ஆராதனையான திருவிருந்துக்கு மூன்று வகை ரசம் புழங்குகிறது. கடையில் வாங்கும் பாட்டில் ரசம் ஒன்று. உரிமம் உள்ள இடத்திலிருந்து வரும், ஆராதனைக்கென்றே செய்த மாஸ் ஒயின் இன்னொன்று. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கம்பத்துப் பன்னீர் திராட்சையை வாங்கி வடித்து வைப்பது மூன்றாவது. ருசி, நிறம், செலவு, சபையார் கைபட்ட காணிக்கை என்ற நிறைவு, எதை வைத்துப் பார்த்தாலும் எங்கள் ஓட்டு மூன்றாவதுக்குத்தான். ஆனால் அது பக்குவம் கேட்கும் பொருள். ஏனோதானோவென்று செய்தால் பத்தே நாளில் பொங்கி மூடியைத் தள்ளிவிடும்.

முதலில் பழம். பன்னீர் திராட்சை என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று கம்பம் பள்ளத்தாக்கில் சொல்வார்கள். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி பக்கம் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டே இருக்கும். வாராவாரம் திருவிருந்து நடத்தும் சபைக்கு இதைவிட வசதி வேறில்லை. விதையில்லாத பச்சைத் திராட்சை ரசத்துக்கு ஆகாது. நிறமும் இல்லை, மணமும் இல்லை.

குமுளி ரோட்டோரக் கடையில் வாங்குவதைவிட, கம்பத்திலிருந்து காய்கறி ஏற்றிவரும் வண்டிக்காரரிடம் சொல்லி அன்று காலை வெட்டிய பழத்தை வரவழைப்பது நல்லது. காம்பு பச்சையாக இருக்க வேண்டும். கொத்தைத் தூக்கி லேசாக உதறும்போது பொலபொலவென்று உதிர்ந்தால் அது நேற்று முந்தாநாள் பழம். தோலில் சீராகப் படிந்திருக்கும் வெண்மாவு இயற்கை, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீலம் கலந்த வெள்ளைச் சொட்டுகளாகக் காய்ந்திருந்தால் அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்த மருந்து. அப்படிப்பட்ட கொத்தை ஒதுக்கிவிடுங்கள். மழை பிடித்த வாரங்களில் பழம் வெடிக்கும், இனிப்பும் இறங்கும். அந்த வாரங்களில் வாங்காமல், நல்ல வெயிலில் எடுத்து வைத்த பாட்டிலைத் திறப்பதுதான் புத்தி.

ஒயினா, புளிக்காத சாறா என்ற வாதம் எல்லா சேகரத்திலும் (ஒரே ஆயரின் கீழ் வரும் சபைகளின் தொகுதி) இன்னும் ஓயவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் 1869-ல் திராட்சைச் சாற்றைச் சூடுகாட்டிப் புளிக்காமல் பாட்டிலில் அடைத்தார். திருவிருந்துக்கென்றே அதைச் செய்தார். ஆங்கிலிக்கன் பேராயர்களோ 1888-ம் வருஷ லாம்பெத் மாநாட்டில், புளிக்காத சாறு திருச்சபை வழக்கத்திலிருந்து விலகுவது என்று தீர்மானம் போட்டார்கள். 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது இரண்டு பழக்கமும் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டன. உங்கள் சபையில் எது என்பதை ஆயரும் (சபையின் குருவானவர்) சேகரக் கமிட்டியும் முடிவு செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லலாம்: உரிமமில்லாமல் வீட்டில் ஒயின் புளிக்க வைப்பது கேரளத்தில் அப்காரி (மது வரி) சட்டப்படி குற்றம். ‘கோயிலுக்குத்தானே’ என்பது பதிலாகாது. ஆகவே வீட்டில் வடிப்பது புளிக்காத சாறாகவே இருக்கட்டும்.

இனி செய்முறை. 5 கிலோ பழத்துக்கு ஏறக்குறைய 3 லிட்டர் சாறு நிற்கும். பழத்தைக் கொத்தோடு கல்லுப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசவும். பிறகு ஒவ்வொன்றாகக் காம்பு நீக்கவும். இந்த இடத்தில்தான் பலருக்கும் பொறுமை போய்விடும், ஆனால் காம்போடு சூடுபடுத்தினால் ரசத்தில் பச்சைக் கசப்பு ஏறும். மிக்ஸியில் அடிக்கவே கூடாது. விதை உடைந்தால் துவர்ப்பு இறங்கி, தொண்டையைப் பிடிக்கும் ரசமாகிவிடும். கையால் பிசைந்தாலே போதும், அல்லது மத்தால் மெதுவாக நசுக்கலாம்.

நசுக்கியதை எவர்சில்வர் பாத்திரத்தில் சின்னத் தீயில் வைத்து, 60 முதல் 65 டிகிரி சூட்டில் இருபது நிமிஷம் நிறுத்தவும். தோலின் நிறம் இந்தச் சூட்டில்தான் இறங்கும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவைத்தால் பல வருஷம் உழைக்கும். இல்லாவிட்டால், ஆவி மெல்ல எழ வேண்டும், ஓரத்தில் ஒரு குமிழிகூட வரக் கூடாது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கொதித்துவிட்டால் பன்னீர் மணம் போய் ஜாம் வாடை வந்துவிடும், நிறமும் செம்பழுப்பாகும். அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை இரண்டும் ஆகாது. திராட்சையின் புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

வெள்ளை மல் துணியில் ஊற்றித் தொங்கவிட்டு, தானாக வடியவிடவும். முறுக்கிப் பிழிந்தால் கால் லிட்டர் கூடக் கிடைக்கும், ஆனால் கலங்கலாக இருக்கும். வடிந்ததை ஃபிரிட்ஜில் ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்து, அடிவண்டலை விட்டுவிட்டு மேல்தெளிவை மட்டும் இறுத்தெடுக்கவும். அடியில் கண்ணாடித்தூள் மாதிரி பளபளவென்று ஏதாவது படிந்தால் பதற வேண்டாம். திராட்சைக்கே உரிய உப்பு அது, குளிர்ந்தால் உறையும். யாரோ பாட்டிலை உடைத்துவிட்டார்கள் என்று நினைத்து முழு ரசத்தையும் கொட்டிவிடும் சபைகள் உண்டு. கொஞ்சத்தை வெந்நீரில் போட்டால் கரையும், கண்ணாடி கரையாது.

சர்க்கரை போடத் தேவையே இல்லை. லிட்டருக்கு ஒரு கரண்டி போட்டால் கெடாமல் இருக்கும் என்பது தவறான நம்பிக்கை. அந்த அளவு சர்க்கரை எதையும் காப்பாற்றாது, நுரைக்க வைக்கும் ஈஸ்ட்டுக்குத் தீனிதான் ஆகும். திருவிருந்துப் பாத்திரத்தின் விளிம்பு பிசுபிசுக்கும், பீடத்தில் எறும்பும் வரும்.

கடைசியில் பாட்டில். இதில்தான் மலைச் சபைகளுக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மூணாறில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளிக்காரர் பத்து நிமிஷம் பாட்டிலைக் கொதிக்க வைத்தால், இங்கே இருபது நிமிஷம் வைக்க வேண்டும். மூடியையும் சேர்த்து. பிறகு சாற்றை ஊற்றி, பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, பாட்டில்களைக் கழுத்துவரை தண்ணீரில் நிறுத்தி, உள்ளே இருக்கும் சாறு 80 முதல் 85 டிகிரிக்கு வந்த பின் இருபது நிமிஷம் வைத்து, சூடாக இருக்கும்போதே இறுக மூடவும். 200 மில்லி பாட்டிலாக வாங்குங்கள். ஒரு லிட்டர் பாட்டிலைத் திறந்து பாதி மிஞ்சினால் ஃபிரிட்ஜில் ஐந்து நாளுக்கு மேல் நம்ப முடியாது. சின்னப் பாட்டிலில் அந்தச் சங்கடமே இல்லை. மூடி திறக்காத பாட்டில் ஃபிரிட்ஜில் மூன்று மாதம் நன்றாக இருக்கும். திறக்கும்போது ‘புஸ்’ என்றாலோ, மேலே மெல்லிய நுரை வளையம் இருந்தாலோ புளிப்பு தொடங்கிவிட்டது. வெள்ளைப் பூஞ்சைத் திட்டு தெரிந்தால் மேலோட்டமாக எடுத்துவிட்டுப் பயன்படுத்தக் கூடாது, பாட்டிலையே ஒதுக்க வேண்டும்.

கடை ரசத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லேபிளை மட்டும் படியுங்கள். ‘ஸ்குவாஷ்’ என்று இருந்தால் அதில் பழச்சாறு 25 சதவீதம் இருந்தாலே சட்டத்துக்குப் போதும், மிச்சம் பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர். ‘சிந்தெட்டிக் சிரப்’ என்று இருந்தால் திராட்சையே இல்லை, நிறமும் எசன்ஸும்தான். மலிவென்று அதை வாங்கிப் பீடத்தில் வைப்பதை ஏற்றுக்கொள்ளவே முடியாது. முழுச் சாறு என்று தெளிவாக எழுதிய பாட்டில் கிடைத்தால், அவசரத்துக்கு ஒன்றிரண்டு இருப்பில் வைக்கலாம்.

எவ்வளவு ஊற்றுவது என்பதில்தான் வீணடிப்பு அதிகம். ஒரே பாத்திரத்தில் பருகினால் நூறு பேருக்கு 600 மில்லி பிடிக்கும். தனித்தனிச் சின்னக் குப்பியில் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர். கொரோனாவுக்குப் பிறகு பல சபைகளில் வழக்கமான, அப்பத்தைத் தோய்த்துக் கொடுக்கும் முறையில் 200 மில்லியே தாராளம். பீடத்தில் ஜெபித்துப் பிரதிஷ்டை செய்தபின் மிஞ்சியதைப் பாட்டிலில் திருப்பி ஊற்றக் கூடாது, ஆராதனை முடிந்ததும் ஆயரும் கூட இருப்பவர்களும் பயபக்தியோடு அருந்தித் தீர்க்க வேண்டும். அரை லிட்டர் மிஞ்சினால் அது யாருக்கும் நல்லதில்லை. ஆங்கிலிக்கன் திருச்சபையின் 1662-ம் வருஷப் பொது ஜெப புத்தகத்திலேயே இதற்கு வழி இருக்கிறது: திருவிருந்தில் சேர விரும்புகிறவர்கள் முந்தின நாளே குருவானவரிடம் பெயர் கொடுக்க வேண்டும். இன்று யாரும் அப்படிக் கறாராகக் கேட்பதில்லை. ஆனால் சனிக்கிழமை ஆயத்த ஆராதனையில் கோயில்பிள்ளை (கோயில் பணியாளர்) ஒரு நோட்டில் லயம் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகள்) வாரியாகத் தலை எண்ணினால் போதும், கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். ஒரே ஆயர் மூன்று நான்கு டிவிஷன் சபைகளுக்கு ஜீப்பில் போகும் சேகரங்களில் இந்த நோட்டு இல்லாமல் காலம் தள்ளவே முடியாது. ஒரு சபையில் வீணாகும் பாட்டில் அடுத்த சபையில் பற்றாக்குறையாக நிற்கும்.

அப்பத்துக்கு வருவோம். பாக்கெட்டில் வரும் மெல்லிய வட்ட அப்பமான வில்லை மாவும் தண்ணீரும் மட்டுமே. காய்ந்த ஊரில் மொறுமொறுவென்று இருப்பது, ஜூன் ஜூலை மழையில் பீர்மேட்டில் தோல் மாதிரி துவண்டுவிடும். ஒன்றோடொன்று ஒட்டும், தோய்த்தால் கரைந்து பாத்திரத்துக்குள் விழும், மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில், வெறும் சட்டியில் வறுத்த ஒரு கைப்பிடி அரிசியைத் துணியில் முடிந்து போட்டு வைத்தால் ஈரம் ஏறாது. அரிசியை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். அங்கி மாட்டும் அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். அங்கிக்குப் போடும் அந்துருண்டையின் வாடை வில்லைக்குள் ஏறி இறங்கவே இறங்காது. திருவிருந்தில் அந்த வாடையை நாக்கில் உணர்வது எவ்வளவு மனக்கஷ்டம் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

வில்லை பிடிக்காத சபைகள் சாதாரண ரொட்டியை வெட்டி வைக்கலாம். வழக்கமாகச் சாப்பிடும் ரொட்டி போதும், ஆனால் நல்ல சுத்தமான கோதுமையில் செய்ததாக இருக்கட்டும் என்பதுதான் பழைய ஜெப புத்தகத்தின் விதியும். அன்று சுட்டதை வெட்டினால் நசுங்கும், முந்தின நாள் ரொட்டி கத்திக்கு ஒழுங்காக நிற்கும். ஓரம் நீக்கிய ஒன்பது சென்டிமீட்டர் சதுரத் துண்டை ஒன்றரை சென்டிமீட்டராக வெட்டினால் 36 துண்டு கிடைக்கும். வெட்டியதை ஈரத்துணியால் மூடக் கூடாது, பூஞ்சை வாடை வரும். காய்ந்த துணியும் மூடியும் போதும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். சமாதான வாழ்த்தைக் கைகளால் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வழக்கம் கேரளத்து சிரியன் சபைகளிலிருந்து தென்னிந்தியத் திருச்சபையின் ஒழுங்குக்கு வந்தது. அழகான வழக்கம். அதன் பிறகுதான் அப்பமும் ரசமும் பீடத்துக்குப் போகின்றன. அதாவது சபை முழுவதையும் சுற்றி வந்த கைதான் அப்பத் தட்டைத் தொடுகிறது. ஆகவே ஒரு சொம்புத் தண்ணீரும் கிண்ணமும் துண்டும் பீடத்தருகே கட்டாயம் இருக்கட்டும்.

திருவிருந்துப் பாத்திரத்தில் உட்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டுப் பூச்சுக்குக் கொடுங்கள். ரசம் பட்ட வெள்ளை விரிப்பை நேராகச் சோப்பில் போட்டால் கறை சாம்பல் நீலமாக மாறி நிலைத்துவிடும். காரம் பட்டால் திராட்சை நிறம் அப்படித்தான் மாறும். முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு எலுமிச்சைச் சாறு, அதன் பிறகே சோப்பு. பாத்திரம் துடைத்த துணியின் முதல் அலசல் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் செடி மூட்டில் ஊற்றுவது நம் மரபு.

படுத்த படுக்கையாய் இருக்கிறவர்களுக்கு லயத்துக்குக் கொண்டுபோக 200 மில்லிகூட அதிகம். 30 மில்லி கண்ணாடிக் குப்பிகள் நாலைந்தை இதே முறையில் நிரப்பி வைத்தால், வீட்டுக்கு ஒன்றாகத் திறக்கலாம். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வில்லையின் கால் துண்டைக் கரண்டியில் ரசத்தோடு ஊறவைத்துக் கொடுக்கவும்.

பெரிய வியாழனும் ஈஸ்டரும் நான்கு நாளுக்குள் வருவதால், அந்த வாரத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் தேவைப்படும். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரமே பழத்துக்குச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் வடித்த தேதியை ஒட்டுங்கள். பழைய தேதி முன்னால், புதிய தேதி பின்னால் என்று அடுக்கினால் யார் எடுத்தாலும் சரியான பாட்டில்தான் கையில் வரும்.