காலி பாட்டிலும் கையுமாக ஐந்து வருடம்: விமானப் பயணத்தில் குடிதண்ணீர்

மாதம் ஒரு தடவையாவது வேலைக்காக பெங்களூரிலிருந்து டெல்லி போகிறேன், வருடம் ஒரு தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரில் அக்கா வீடு. ஐந்து வருடமாக இதுதான் வாடிக்கை. இத்தனை பயணத்துக்கும் கூட வருவது ஒரே ஒரு எவர்சில்வர் பாட்டில். முக்கால் லிட்டர், அகல வாய். இந்த ஐந்து வருடத்தில் விமான நிலையத்தில் தண்ணீருக்குக் காசு கொடுத்தது நாலு தடவை இருந்தால் அதிகம். முதல் இரண்டு மாதம் பழக்கமில்லாமல் வாங்கியதும் அதில் சேர்த்தி.

முதலில் செக்யூரிட்டி. வெளிநாட்டுப் பயணத்துக்கு 100 மில்லி கணக்கு கறார், அதற்கு மேல் கொள்ளும் பாட்டிலில் திரவத்தைக் கைப்பையில் கொண்டுபோகக் கூடாது. 2006 ஆகஸ்டில் லண்டனில் பாட்டிலில் திரவ வெடிபொருள் கொண்டுபோய் விமானங்களைத் தகர்க்கும் சதி பிடிபட்டது, அதற்கப்புறம்தான் இந்த விதியே வந்தது. பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு: பாட்டிலின் அடியில் 50 மில்லி மிச்சம் இருந்தாலும் ஆகாது, அவர்கள் பார்ப்பது பாட்டிலின் கொள்ளளவை. ஆனால் காலி பாட்டிலுக்குத் தடை இல்லை. உள்நாட்டுப் பயணத்தில் தண்ணீரோடு விட்டதும் உண்டு, கொட்டச் சொன்னதும் உண்டு. ஒரு தடவை அம்மாவிடம் ஒரு வாய் குடித்துக் காட்டச் சொன்னார்கள். அம்மா எச்சில் படாமல் அண்ணாந்து மடக் மடக்கென்று பாதியைக் குடித்துவிட்டாள். நின்ற காவலர் நம்ம ஊர்க்காரர் போல, "போதும்மா, போதும், போங்க" என்றார். எனக்கு இந்த நிச்சயமின்மை வேண்டாம் என்பதால், எங்கே போனாலும் விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா பஸ்ஸில் ஹெப்பாள் தாண்டும்போதே பாட்டிலைக் காலி செய்துவிடுகிறேன்.

சோதனை தாண்டிய பிறகு தண்ணீர் எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் கழிவறையை ஒட்டிய சுவரில். பெங்களூரில் இரண்டு டெர்மினலிலும் நான் நிரப்புவது அங்கேதான். மூங்கில் கூரையும் செடிகொடியுமாக அவ்வளவு அழகாக இருக்கும் இரண்டாவது டெர்மினலில் கடைகளின் பலகை தூரத்திலிருந்தே தெரிகிறது, தண்ணீர்க் குழாயின் பலகை கிட்டே போனால்தான் தெரிகிறது. இதை மாற்ற வேண்டும் என்று பின்னூட்டப் படிவத்தில் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். அம்மாவுக்கு வேறு பிரச்சினை. "பாத்ரூம் பக்கத்துத் தண்ணியா, எனக்கு வேண்டாம்ப்பா" என்று நகர்ந்துவிட்டாள். வரும் குழாய், போகும் குழாய் எல்லாவற்றையும் ஒரே சுவரில் கொண்டுபோவது கட்டுவதற்கு வசதி, அவ்வளவுதான் காரணம் என்று சொல்லிப் பார்த்தேன். அரை மனதோடுதான் வந்தாள். வந்தவளுக்கு அடுத்த தடை அந்தக் குழாயின் அமைப்பு. பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வில் போல வளைந்து வரும், குனிந்து வாயை அதில் வைக்க வேண்டும். எழுபது வயதில், ஒரு கையால் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பொத்தானை அழுத்திக்கொண்டு, வாழ்நாள் முழுக்க அண்ணாந்தே குடித்த ஒருத்தி எப்படிக் குனிந்து குடிப்பாள்? முகமும் ரவிக்கையும் நனைந்ததுதான் மிச்சம். பாட்டிலையும் அதில் நேராகப் பிடிக்க முடியாது, சாய்த்துப் பிடித்தால் பாதிதான் நிறையும்.

அன்றிலிருந்து பாட்டிலோடு ஒரு சின்ன டம்ளரும் பையில் போகிறது. டம்ளரில் பிடி, பாட்டிலில் ஊற்று. நாலைந்து தடவை ஊற்றினால் பாட்டில் நிறைந்துவிடும், அம்மாவும் டம்ளரைத் தூக்கி அவள் வழக்கப்படியே குடிக்கிறாள். பாட்டிலை நேராக வைத்துப் பிடிக்கிற குழாய் கிடைத்தால் இந்த வேலை இல்லை.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நான்காவது டெர்மினலைத் தவிர மற்றவற்றில் சோதனை விமானம் ஏறும் கேட்டில்தான் நடக்கும். வழியில் அழகழகான குழாய்கள் இருக்கிறதே என்று நிரப்பிக்கொண்டு போனால் கேட்டில் கொட்ட வேண்டும். நாங்கள் போன கேட்களில் உள்ளேயும் குழாய் இருந்தது, அங்கே நிரப்பினோம்.

காசு விஷயம். 2024 டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்தில் உடான் யாத்ரி கஃபே என்று ஒன்று திறந்தார்கள், தண்ணீர் பாட்டில் 10 ரூபாய், டீயும் 10 ரூபாய். 2025 பிப்ரவரியில் சென்னைக்கும் வந்தது. பாட்டில் கொண்டுவராதவர்களுக்கு அப்படி ஒரு கடை எல்லா விமான நிலையத்திலும் அவசியம் வேண்டும்.

விமானத்துக்குள் தொண்டை ஏன் அப்படி வறள்கிறது? மேலே வெளிக்காற்றில் ஈரமே கிடையாது, அதைத்தான் அழுத்திச் சூடாக்கி உள்ளே விடுகிறார்கள், அதனால் கேபினில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். குறைந்த கட்டண விமானங்களிலும் கேட்டால் பேப்பர் கப்பில் தண்ணீர் தருகிறார்கள், காசு இல்லை. கேட்டால்தான். அம்மா மாதிரியானவர்கள் கேட்க மாட்டார்கள், "அந்தப் பொண்ணு பாவம், எத்தனை பேருக்குத்தான் ஓடும்" என்பார்கள். சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும், டிராலி வருவதற்கு முன்னால் பின்பக்கம் நடந்துபோய்க் கேட்டால் பாட்டிலிலேயே ஊற்றித் தருவதும் உண்டு. கழிவறைக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவே குடிக்காதீர்கள். அது விமானத்தின் தொட்டித் தண்ணீர், எவ்வளவு சுத்தம் என்று நமக்குத் தெரியாது, டீ காபிக்குக் கொதிக்க வைப்பதும் பொதுவாக அதே தொட்டியிலிருந்துதான். அதனால் நான் டீயும் குடிப்பதில்லை, இது என் சொந்தப் பிடிவாதம்.

பாட்டில் வாங்குவதென்றால் ஸ்ட்ரா வைத்தது வேண்டாம். முதலில் அதுதான் வைத்திருந்தேன். டெல்லியில் இறுக மூடி, மேலே போய்த் திறந்தால் ஸ்ட்ரா வழியாகப் பீய்ச்சியடித்துச் சட்டையெல்லாம் ஈரம். கேபினில் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருக்கிற அளவுதான், பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று விரிந்து தண்ணீரைத் தள்ளுகிறது. பெங்களூரில் மூடியது அவ்வளவு பீய்ச்சாது, நம் ஊரே மூவாயிரம் அடியில் இருக்கிறதே.

நிரப்பிய பாட்டில் நிஜமாகவே உதவியது ஒரு ஜனவரி மாதம். டெல்லியில் பனிமூட்டம், எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே நின்றது. பக்கத்து சீட்டில் காசிக்குப் போய்விட்டுத் திரும்பும் சேலத்துப் பெரியவரும் அவர் மனைவியும். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு மணியை அழுத்தினார், கிளம்பினதும் தருகிறோம் என்று பதில் வந்தது. "பெட்டில கங்கைத் தண்ணி இருக்கு தம்பி, குடிக்க ஒரு வாய் இல்ல" என்றார். டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன், இருவரும் அண்ணாந்தே குடித்தார்கள். அப்புறம் நானும் எழுந்துபோய் வற்புறுத்திக் கேட்டேன், பிறகுதான் எல்லோருக்கும் கப் வந்தது. டெல்லி பெங்களூர் போன்ற தடத்தில், அதாவது இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஐந்து மணி நேரத்துக்குள் பறக்கும் விமானத்துக்கு, தாமதம் மூன்று மணி நேரத்தை எட்டினால் சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. மாத்திரைக்கு ஒரு வாய்த் தண்ணீர் தர மூன்று மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை.

ஐந்து வருடத்தில் பாட்டிலின் அடியில் இரண்டு சொட்டை விழுந்திருக்கிறது, ஒழுகவில்லை. மூடியின் ரப்பர் வளையத்தை மட்டும் ஒரு தடவை மாற்றினேன், அல்சூரில் ஒரு பாத்திரக் கடையில் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்தே கவிழ்த்து வைக்கிறேன், இல்லாவிட்டால் வாடை வருகிறது.