நாலு மட்டில்டாவும் ஒரு ஏ2 சார்ட்டும்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட இருக்கிற ஒரு கொமியுனிகேஷன் கடையில் வகுப்பறைச் சுவருக்கு வம்சாவளி சார்ட் ஒன்று அடித்தேன். இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி, தாத்தா முதலாம் ஹென்றியில் தொடங்கி 1154இல் இவர் முடிசூடியது வரை.

பிரின்டில் குறை சொல்ல முடியாது. தாய்வழிக்குச் சிவப்பு, தந்தைவழிக்கு நீலம். கடைசி பெஞ்சுக்கும் தெரிகிறது. லேமினேட்டும் நல்ல தடிப்பு. எங்கள் பக்கத்துப் பனிக்கு வெறும் தாள் என்றால் ஒரு தவணைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.

சொதப்பல் டைப் அடித்ததில்தான். ஹென்றியின் அம்மா பெயர் மட்டில்டா. அம்மம்மாவும் மட்டில்டா. அம்மாவுக்கு வரவேண்டிய அரியணையைப் பிடித்துக்கொண்ட ஸ்டீபனின் மனைவியும் மட்டில்டா. போதாததற்கு, 1120இல் வெண்கப்பல் என்ற கப்பல் மூழ்கி இறந்துபோன தாய்மாமன் வில்லியம் கட்டியிருந்ததும் ஒரு மட்டில்டாவை; அவர் ஹென்றியின் அப்பா, அஞ்சூ ஜெப்ரியின் சகோதரி. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். “ஒரே பேர் திரும்பத் திரும்ப வந்துச்சு டீச்சர், டபுள்னு நினைச்சு எடுத்துட்டேன்” என்றார் டைப் அடித்த தம்பி. மிஞ்சியது ஒரே மட்டில்டா, அதுவும் ஸ்டீபன் பக்கத்தில். எங்கள் ஹென்றி அம்மா இல்லாமல் நிற்கிறார்!

அந்த அம்மா இல்லாவிட்டால் கதையே இல்லை. வில்லியம் போனபின் மகளைத்தான் வாரிசு என்று பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினார் முதலாம் ஹென்றி. 1135இல் அவர் கண்ணை மூடியதும் ஸ்டீபன் முந்திக்கொண்டார். அவர் இந்த அம்மா மட்டில்டாவுக்கு அத்தை மகன். நம் ஊரில் என்றால் முறைமாப்பிள்ளை. பிள்ளைகளுக்குப் பிடித்த இடம் 1147: பதினாலு வயது ஹென்றி கூலிப்படையோடு வந்து இறங்குகிறார், சம்பளம் கொடுக்கக் காசில்லை. அம்மாவிடம் கேட்டார், இன்னொரு தாய்மாமன் ரொபர்ட்டிடம் கேட்டார், கடைசியில் எதிரி ஸ்டீபனிடமே கேட்டார். அவரும் கொடுத்து அனுப்பினார். முறைக்குப் பெரியப்பா ஆச்சே.

சரி, கடைக்கு வருவோம். முகம் சுளிக்காமல் மறுபடி அடித்துத் தந்தார்கள். தாளுக்குக் காசு வாங்கவில்லை, லேமினேட்டுக்கு மட்டும் பாதி. இப்படி வம்சாவளி கொடுப்பவர்கள் பெயரோடு ஊரையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்: அஞ்சூ மட்டில்டா, பூலோன் மட்டில்டா (ஸ்டீபனின் மனைவி) என்று. லேமினேட் பண்ணுவதற்கு முன் ஒரு சாதாரணப் பிரதி கேட்டு வாங்கிப் பாருங்கள், கேட்டால் தருகிறார்கள். சனிக்கிழமை போகாதீர்கள், டியூஷன் நோட்ஸ் போட்டோகொப்பிக்கு வரிசை வாசல் வரை நிற்கும்.