கொடைக்கானலில் இரண்டு பேருக்கு அறை போடுகிறீர்களா? முன்பணம் அனுப்புவதற்கு முன் படியுங்கள்

பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு மாலை இறங்கிவிடலாம் என்று கொடைக்கானலில் அறை தேடும் தம்பதிகள் ஒரு மோசடியில் சிக்குகிறார்கள். அப்படி ₹8,712 போன ஒரு சம்பவத்தை, பணம் போன வரிசையிலேயே எழுதுகிறோம். ஏமாந்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. தினமும் யுபிஐயில் காய்கறி வாங்குகிறவர்கள்தான். கையில் இருந்தது ஒரே ஒரு வார இறுதி. அந்த அவசரத்தைத்தான் எதிராளி பிடித்துக்கொண்டான்.

விடுதி உண்மையானது, ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இணைய வரைபடத்தில் அதன் பெயரைத் தட்டியதும் வந்த செல்போன் எண் மட்டும் விடுதியுடையது அல்ல. வரைபடத்தில் இருக்கும் ஒரு கடையின் எண்ணையோ முகவரியையோ திருத்தச் சொல்லி யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். சரிபார்ப்பில் தப்பிய திருத்தம் அப்படியே ஏறிவிடும். உரிமையாளர் கவனிக்கும்வரை அந்த எண்தான் அங்கே நிற்கும்.

அழைத்ததும் எதிர்முனையில் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை பேர் சார், குழந்தைங்க உண்டா?" "இல்லை, நாங்க ரெண்டு பேர்தான், பசங்களை அம்மா பாத்துக்கறாங்க" என்று பதில் போனது. இந்த ஒரு வரி போதும், தேதியை மாற்ற முடியாதவர்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. உடனே வந்தது: "ஒரே ஒரு லேக் வியூ ரூம்தான் இருக்கு மேடம். இன்னொரு பார்ட்டி லைன்ல இருக்காங்க. பத்து நிமிஷம் உங்களுக்காக ஹோல்டு பண்றேன்." வாட்ஸ்அப்பில் விடுதியின் சின்னத்தோடு படங்கள் வந்தன. எல்லாம் விடுதியின் சொந்தப் பக்கத்திலிருந்து எடுத்தவை, அதனால் படங்களில் பொய் இல்லை.

வாடகை இரவுக்கு ₹4,200, இரண்டு இரவுக்கு ₹8,400. முதலில் பாதி முன்பணம் ₹4,200 போனது. பத்து நிமிடத்தில் "திருப்பித் தரப்படும் பாதுகாப்புத் தொகை" என்று ₹3,000. அதன் பிறகு ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று ₹1,512. நான்காவது அழைப்பில், "கணக்கு தனித்தனியா விழுந்திருக்கு சார், கம்ப்யூட்டர் எடுத்துக்கல. மொத்தமா 8,712 ஒரே தடவை அனுப்புங்க, பழசு தானா திரும்பி வந்துடும்" என்றான். அந்த இடத்தில் சந்தேகம் வந்து நிறுத்தியதால் இழப்பு அதோடு நின்றது. விடுதியின் தரைவழி எண்ணைத் தேடி எடுத்துக் கேட்டபோது, அந்தச் சனி ஞாயிறுக்கு அறைகள் எப்போதோ நிரம்பிவிட்டன என்றார்கள்.

மூன்று இடங்களில் இது பிடிபட்டிருக்க வேண்டும்.

முதலாவது, பணம் பெறுபவரின் பெயர். யுபிஐயில் பின் போடுவதற்கு முன் திரையில் வரும் பெயர் வங்கிக் கணக்கில் இருப்பது. வாட்ஸ்அப்பில் என்ன சின்னம் வைத்திருக்கிறான் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தச் சம்பவத்தில் விடுதியோடு தொடர்பே இல்லாத தனிநபர் பெயர் வந்தது. கேட்டதற்கு "எங்க மேனேஜர் அக்கவுண்ட்" என்றான். சிறிய ஹோம்ஸ்டேயில் உரிமையாளர் பெயரிலேயே கணக்கு இருப்பது சகஜம், அதில் தவறில்லை. ஆனால் வரவேற்பு மேசை, கணக்குப் பிரிவு எல்லாம் வைத்து நடத்தும் விடுதி மேலாளரின் சொந்தக் கணக்கில் முன்பணம் வாங்காது.

இரண்டாவது, அந்த 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை ₹7,500 வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். ₹8,400-க்கு வரி ₹420. ₹7,500-ஐத் தாண்டும் அறைக்குத்தான் 18. வரி என்று கேட்டால் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். பதினைந்து இலக்கம் இருக்கும். தமிழ்நாட்டில் பதிவானது 33 என்று தொடங்கும், அடுத்த பத்து எழுத்துகள் பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் லாகின் செய்யாமலே இந்த எண்ணைப் போட்டுத் தேடலாம். தொழிலின் சட்டப்பூர்வப் பெயர், கடைப்பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா என்பது வந்துவிடும். இரண்டு நிமிட வேலை. "சின்ன இடம், எங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கிடையாது" என்றால் அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் பதிவு இல்லாதவர் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது.

மூன்றாவது, பணம் திரும்பி வருவதற்காகப் பணம் அனுப்பச் சொன்னது. யுபிஐயில் பணம் பெறுவதற்கு பின் போட வேண்டியதில்லை, கியூஆர் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, முன்கூட்டி எதையும் அனுப்ப வேண்டியதில்லை. "ரீஃபண்டுக்கு இதை ஸ்கேன் பண்ணுங்க" என்று யார் சொன்னாலும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

அறை போடும் முன் செய்ய வேண்டிய சோதனை எளிது. கொடைக்கானலின் எஸ்டிடி குறியீடு 04542. அதில் தொடங்கும் தரைவழி எண் விடுதியின் சொந்த இணையப் பக்கத்திலோ பழைய பில்லிலோ கிடைத்தால் அதற்கு அழைத்து, வாட்ஸ்அப்பில் பேசுகிற எண் உங்களுடையதா என்று மட்டும் கேளுங்கள். தரைவழி இல்லாத ஹோம்ஸ்டே என்றால் வீடியோ அழைப்பு கேளுங்கள். வெளிவாசல் பெயர்ப்பலகையில் தொடங்கி, அழைப்பை வெட்டாமல் நடந்து, உங்களுக்குத் தரப்போகும் அறைக்குள் போய், சன்னல் திரையை விலக்கிக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஆள் முணுமுணுத்தாலும் காட்டுவார். போலி ஆள் "இப்ப கெஸ்ட் இருக்காங்க" என்பான், "சிக்னல் இல்ல" என்பான், பழைய வீடியோவை அனுப்புவான். முன்பணம் ஓர் இரவு வாடகைக்கு மேல் வேண்டாம். அடையாள அட்டை கேட்டால் எண் முழுவதும் தெரியும் ஆதாரை அனுப்பாமல், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கி அனுப்புங்கள்.

பணம் போய்விட்டால் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். விடுதிக்காரரோடு சண்டை போடுவதும் மோசடிக்காரனுக்குக் கெஞ்சி மெசேஜ் அனுப்புவதும் பிறகு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் தகவல் போனால்தான் நிறுத்தி வைக்க வழி உண்டு. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள 12 இலக்க யுடிஆர் எண், தொகை, நேரம் மூன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். மூன்று தவணையாகப் போயிருந்தால் மூன்று எண்ணும் வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். கோபத்தில் பிளாக் செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ போக இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை. இது இலவசம். அரசுத் தளத்தில் செல்போன் எண்ணுக்கு ஓடிபி வரும். வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதியில் ஏறி எந்தத் தேதியில் இறங்குவது, எங்கே தங்குவது ஆகியவற்றை நிரப்பினால் பாஸ் வந்துவிடும். "இ-பாஸ் நாங்களே எடுத்துத் தர்றோம், ₹300" என்று பேக்கேஜில் ஒரு வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். வாடகைக் காரில் போகிறீர்கள் என்றால் அந்த வண்டி எண்ணுக்குத்தான் பாஸ் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓட்டுநர் வண்டியை மாற்றினால் பழைய பாஸ் உதவாது.

இனி, மோசடி இல்லை, விடுதி உண்மை, ஆனாலும் வார இறுதி பாழாகும் வழிகள்.

"லேக் வியூ" என்ற சொல்லுக்கு அளவுகோல் கிடையாது. விடுதிப் பெயரிலேயே லேக் இருக்கும், இடமோ ஏரியிலிருந்து தள்ளி வில்பட்டியிலோ அட்டுவம்பட்டியிலோ பெருமாள்மலையிலோ இருக்கும். அந்த இடங்கள் அழகில் குறைந்தவை அல்ல, அமைதி வேண்டுமென்றால் அங்கே தங்குவதே நல்லது. ஆனால் காலையில் பனிமூட்டத்தோடு ஏரியைச் சுற்றி நடக்க வேண்டும் என்று போனவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் டாக்சி பிடிக்க வேண்டிவரும். ஏரியைச் சுற்றிய சாலை சுமார் 5 கிலோமீட்டர். விடுதியிலிருந்து, ஏரிக்கு அருகே உள்ள ஏழு ரோடு சந்திப்புக்கு நடந்து போகும் தூரம் எவ்வளவு என்று வரைபடத்தில் நீங்களே அளந்து பாருங்கள். 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கட்டிய ஏரி இது. நட்சத்திரம் போலக் கைகள் விரிந்திருப்பதால் "ஏரியோரம்" என்பது எந்தக் கை, எந்த ஓரம் என்றும் கேட்க வேண்டும். சனிக்கிழமை மாலை மூஞ்சிக்கல் பக்கம் வண்டிகள் நின்றுவிட்டால் 3 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். மனைவியின் ஆதாரில் இன்னும் அப்பா பெயரும் பிறந்த வீட்டு முகவரியும்தான் இருக்கும். "ரெண்டு முகவரியும் வேற, ரூம் கொடுக்க முடியாது" என்று வாசலில் சொல்லி, முன்பணமும் திரும்பாது என்பார்கள். வயதுவந்த இருவர் ஒரே அறையில் தங்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் விடுதிகள் தங்களுக்கென்று விதி வைத்துக்கொள்கின்றன. அதனால் அறை போடும்போதே, "இருவரின் அடையாள அட்டையிலும் முகவரி வேறு, ஏற்பீர்களா" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

செயலி வழியாகப் போட்டவர்களுக்கு வரும் தொல்லை வேறு. போய் நின்றதும் "அந்த ரேட்டுக்கு ஆகாது, நீங்களே கேன்சல் பண்ணிடுங்க, நேரடியா கம்மியா தர்றோம்" என்பார்கள். ரத்து பொத்தானை நீங்கள் அழுத்தாதீர்கள். அழுத்தினால் விலகியது நீங்கள் என்று பதிவாகி, பணம் திரும்பக் கேட்கும் உரிமை பலவீனமாகிவிடும். வரவேற்பு மேசையில் நின்றபடியே செயலியின் உதவி எண்ணை அழைத்து, விடுதி அறை மறுக்கிறது என்று புகார் எண் வாங்குங்கள். மாற்று அறை ஏற்பாடு செய்யும்படி செயலி நிறுவனத்திடமே கேளுங்கள்.

"கப்பிள் பேக்கேஜ்" என்று சொல்லி விற்பதில்தான் சில்லறைச் சண்டைகள் அதிகம். மெழுகுவத்தி விருந்து, பூ அலங்காரம், கேம்ப்ஃபயர் என்று பட்டியல் நீளும். இரவு உணவு எத்தனை வகை, கேம்ப்ஃபயருக்கு எத்தனை விறகு, எவ்வளவு நேரம் என்று இருக்காது. ஒரு கட்டு விறகு அரை மணியில் எரிந்து தீரும், அடுத்த கட்டுக்குத் தனிக் கட்டணம். அறை ஹீட்டருக்குத் தனிக் கட்டணம். வெந்நீர் காலை 7 முதல் 9 வரைதான். பேக்கேஜில் பேரிஜம் ஏரி என்று போட்டிருந்தால் வனத்துறை அனுமதி யார் வாங்குவது என்று கேளுங்கள். அனுமதி இல்லாமல் அங்கே உள்ளே விட மாட்டார்கள். சென்னையிலிருந்து இரவு ரயிலில் கொடை ரோடு வந்து விடியற்காலையில் இறங்கினால், மலை ஏறி விடுதியை அடைய காலை 9 ஆகும், செக்-இன் மதியம் 12 அல்லது 1. இடைப்பட்ட நேரத்துக்கு அரை நாள் வாடகை கேட்பார்கள். பெட்டியை வைத்து முகம் கழுவ இலவச இடம் உண்டா என்பதை முன்பே கேட்டுவிட்டால் அந்தப் பணம் மிச்சம்.

அறைக்குள் போனதும் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு சுற்று வீடியோ எடுங்கள். மெத்தையில் ஈர வாடை, சுவரில் பூஞ்சை, வேலை செய்யாத கீசர் எல்லாம் அதில் வரட்டும். பிறகு விளக்குகளை அணைத்து, படுக்கையைப் பார்த்தபடி இருக்கும் புகைக் கண்டறியும் கருவி, சுவர்க்கடிகாரம், சார்ஜர், செட்டாப் பெட்டி ஆகியவற்றை செல்போன் கேமரா வழியாகப் பாருங்கள். அகச்சிவப்பு விளக்கு உள்ள கேமரா என்றால் சின்ன வெளிறிய புள்ளியாகத் தெரியும். சில போன்களில் பின்கேமரா அதை வடிகட்டிவிடும், முன்கேமராவிலும் பாருங்கள். ஏதாவது அகப்பட்டால் பிடுங்காதீர்கள். இருந்த இடத்திலேயே படம் எடுத்து 112-ஐ அழையுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவில் இது குற்றம்.

கிளம்பும்போது பில்லில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்ந்திருந்தால் நீக்கச் சொல்லலாம். கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் தந்தது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. நீக்க மறுத்தால் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் புகார் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ₹5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். விடுதி திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்காக அங்கே அலைய வேண்டாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம்.