கையால் வரைந்த உட்டாமாரோ என்று விற்கிறார்கள், வாங்குமுன் இதைப் படியுங்கள்

பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களில் வரும் பெண்களின் முகம் பிடித்துப்போய், ஒன்றை வாங்கி வீட்டில் மாட்டலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். “முழுக்க முழுக்கக் கையால் வரைந்தது” என்று போட்டிருந்த ஒரு இணையக் கடையில் 18,000 ரூபாய் கட்டி வாங்கினேன். வந்து சேர்ந்தது கேன்வாஸ் துணியில் எடுத்த இன்க்ஜெட் பிரிண்ட். அதன் மேல் நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் இழுத்துவிட்டிருக்கிறார்கள். அதில் இருந்த கைவேலை அது ஒன்றுதான்.

நான் கேட்டது ஜப்பானிய ஓவியர் கிட்டாகாவா உட்டாமாரோவின் ‘பொப்பென் ஊதும் பெண்’. 1790களின் தொடக்கத்தில் எடோவில் (இன்றைய தோக்கியோ) வெளிவந்த படம். சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கிமோனோ, அதில் சிதறிய செர்ரிப் பூக்கள், வாயில் பொப்பென் என்ற மெல்லிய கண்ணாடி ஊதல். ஜப்பான் 1955இல் இதைத் தபால்தலையாகவே வெளியிட்டது. அவ்வளவு பிரபலமான படம் என்பதால்தான் இதைச் சுற்றி இத்தனை போலிகள்.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் நெற்றியைப் பார்த்தேன். உட்டாமாரோவின் பெண்களிடம் பார்க்க வேண்டிய இடம் அதுதான். நல்ல பிரதியில், முடி தொடங்கும் ஓரத்தில் ஒவ்வொரு இழையும் தனியாக நிற்கும். செதுக்குபவர் செர்ரி மரப்பலகையில் இருபக்கமும் மரத்தை எடுத்துவிட்டு, மயிரிழை அளவுக்கு மேட்டை மட்டும் விட்டுவைத்த வேலை அது. பிறகு அச்சிடுபவர் நிறத்துக்கு நிறம் பலகை மாற்றி, ஈரக் காகிதத்தை அதன் மேல் போட்டு, பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் முதுகுப் பக்கம் அழுத்தித் தேய்ப்பார். பின்னணியில் அப்ரகப் பொடி ஏற்றியிருப்பார்கள். நேராகப் பார்த்தால் வெறும் சாம்பல் வெள்ளை. காகிதத்தைச் சற்றுச் சாய்த்தால் மினுங்கும். சுட்டாயா ஜூசாபுரோ என்ற பதிப்பாளர் காசு போட்டு, மூன்று தொழில்காரர்களைக் கூட்டிச் செய்த வேலை இது.

எனக்கு வந்ததில் நெற்றி ஓரம் கறுப்பாக அப்பியிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று பொடிப் புள்ளிகள். ஜெல் தூரிகைத் தடங்கள் கிமோனோவின் மடிப்போடு போகவில்லை. கன்னம், கழுத்து, பின்னணி எல்லாவற்றின் மீதும் குறுக்கே ஒரே போக்கில் ஓடின. பின்னணியில் மினுமினுப்பே கிடையாது.

எல்லாவற்றையும்விட ஒன்று உறுதியாகக் காட்டிக்கொடுத்தது. கீழ் ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்பாக ஒரு புள்ளி. உற்றுப் பார்த்தால் பூச்சி அரித்த ஓட்டை, அதன் நிழலோடு அப்படியே அச்சாகியிருக்கிறது. எந்த ஓவியர் பூச்சி ஓட்டையை வரைவார்? இணையத்தில் தேடினேன். ஓர் அருங்காட்சியகம் இலவசமாகத் தரும் கோப்பில் அதே இடத்தில் அதே ஓட்டை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. வேறு சில அருங்காட்சியகங்களும் இப்படித் தருகின்றன. மக்களுக்காகச் செய்த அந்த நல்ல காரியத்தை எடுத்து, ஜெல் தடவி, ‘ஓவியரின் கைவேலை’ என்று விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கடைக்கு எழுதினேன். “சார், அடிப்படைப் படத்தின் மேல் எங்கள் ஓவியர் கையால் வேலை செய்திருக்கிறார், எனவே கையால் வரைந்தது என்பது சரிதான்” என்று பதில். ஆனால் பணம் கட்டுமுன் அரட்டையில் நான் கேட்டபோது, “பிரிண்ட் எதுவும் கிடையாது சார்” என்று இவர்களே எழுதியிருக்கிறார்கள். அதை எடுத்துக் காட்டியதும் பேச்சு மாறியது. உட்டாமாரோவே தூரிகையால் வரைந்தவர்தானே என்றார்கள். ஆமாம், பட்டிலும் காகிதத்திலும் அவர் நேரடியாகத் தீட்டிய ஓவியங்கள் உண்டு. ‘ஃபுகாகாவாவில் பனி’ ஹகோனேயில் உள்ள ஒகாதா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் வாங்கிய படம் அந்த வகையில்லை. அது பிறந்ததே பலகையில்தான். அப்புறம் கால்வாசிப் பணம் தருகிறோம், படத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று பேரம். மறுத்ததும் பதிலே இல்லை.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் புகார் கொடுத்தேன். அந்த அரட்டையின் ஸ்கிரீன்ஷாட், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், லென்ஸ் வழியே எடுத்த புள்ளிகளின் படம், பூச்சி ஓட்டை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த படம், இவ்வளவும் அனுப்பினேன். பணம் திரும்பி வந்தது. பேரத்தில் கால்வாசிக்கு ஒப்புக்கொண்டிருந்தால் இந்தப் புகார் எடுபட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். அதனால் அப்படி எதற்கும் சரி சொல்லிவிடாதீர்கள்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், மறுபடி பலகை செதுக்கி, காகிதத்தில் கையால் அச்சிட்ட பிரதியைக் கேளுங்கள். தோக்கியோவில் அடாச்சி நிறுவனம் போன்றவர்கள் இன்றும் பழைய முறையில் இதைச் செய்கிறார்கள். விலை கூடுதல்தான், ஆனால் கொடுக்கும் காசுக்கு வேலை இருக்கும். வேறு யாரிடம் வாங்கினாலும் பணம் கட்டுமுன் இரண்டு படம் கேளுங்கள்: காகிதத்தின் முதுகுப் பக்கம் ஒன்று, பக்கவாட்டு வெளிச்சத்தில் நெற்றி ஓரம் ஒன்று. பாரென் தேய்த்த தடம் முதுகில் தெரியும். கேன்வாஸ் என்று சொன்னாலே அங்கேயே நிறுத்திவிடுங்கள். உட்டாமாரோ படம் சுமார் 39க்கு 26 சென்டிமீட்டர் காகிதம்; இவர்கள் மூன்றடி உயரத்துக்கு விற்கிறார்கள்.

அதே கடை இன்னும் நடக்கிறது. விற்பனைப் பக்கத்தில் அந்தப் பூச்சி ஓட்டையை மட்டும் இப்போது அழித்துவிட்டிருக்கிறார்கள்.